திரையில் வந்த அம்மன் தலையாட்டினாளா

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கையில் எடுப்பேன். என்னைப் பெற்ற அம்மையை ஊர் சிரிக்குமே என்று தோன்றும். கீழே வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கோலம் போடச் சொன்னால் போடுவேன், எழுதச் சொன்னால் கை கூசும். அப்பா இருந்தவரைக்கும் அவர் வாசித்து என்ன சொல்வாரோ என்ற பயம் வேறே. இப்போது அப்பா இல்லை. அம்மை என்னோடு இருக்கிறாள், காதும் கண்ணும் வாயும் நல்ல நிலையில். இந்த ஆடி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டிவியில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டார்கள். இனியும் எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு விதமாய்ச் சொல்லிக் கதையையே மாற்றிவிடுவார்கள் என்று பட்டது. அம்மையிடம் கேட்டேன். "எழுதிக்கோ மக்கா, உள்ளதைத்தானே எழுதப்போறே" என்றாள்.

விளக்கு பூஜைக்கு வருகிற என் வயதொத்த அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குத்தான் இது விளங்கும். எங்கள் வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீராமல் கிடந்த வழக்கு ஒன்றுதான். திரையில் வந்த அம்மன் அம்மையைப் பார்த்துத் தலையாட்டினாளா, இல்லையா?

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு டிவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது கதவு அகலத்துக்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அதில் மனிதர்களுடைய மூக்குக்குள் இருக்கிற முடிகூடத் தெரிகிறது. சாயங்காலம் விளக்கேற்றி, திருநீறு பூசி, அம்மையும் நானும் சீரியல் பார்க்க உட்காருவோம். ஒரு சீரியலில் மாமியார்க்காரி மருமகளுக்குக் கொடுக்கப் பாயசத்தில் எதையோ கலந்தாள். கலந்தது ஆனி மாசம். மருமகள் டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனது ஆடிப் பிறப்பன்று. நடுவில் இடி இடிக்கிறது, எல்லார் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுகிறார்கள். அம்மைக்குப் பொறுக்காது.

"ஏட்டி, குடிக்காதே! சவம், அவ முகத்தைப் பாத்தா தெரியல்லியா உனக்கு? பாயசம் இவ்வளவு நாளா வெளிய இருந்தா விஷம் கலக்காமலே செத்துப்போவே!"

அந்த வீட்டில் ஒரு நாளாவது யாராவது பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததில்லை. படுக்கப்போகும்போதும் காசு மாலையோடு போகிறார்கள். பூஜை அறையில் பெரிய குத்துவிளக்கு எரிகிறது, சரி. எண்ணெய் யார் விடுகிறார்கள்? திரி யார் மாற்றுகிறார்கள்? கெட்டது நடக்கவேண்டிய நேரத்தில் மட்டும் அந்த விளக்கு சொல்லிவைத்ததுபோல் அணைகிறது. நம் வீட்டில் அப்படியா? மீன்காரி கதவைத் தள்ளினால்கூட அணையும்.

சாமி சீரியலும் ஒன்று போகிறது. அதில் சாமிகளுக்கு வயிற்றில் கட்டுக் கட்டாகத் தசை. கையை நீட்டினால் கத்தரிப்பூ நிறத்தில் தீ கிளம்பும். நான் பழக்கத்தில் கும்பிட்டுவிடுவேன். அம்மை கும்பிடமாட்டாள். "அது கம்ப்யூட்டருக்க தீயாக்கும்" என்று வெற்றிலையை மடிப்பாள்.

ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் வந்து ரிமோட்டைப் பிடுங்கி விவாதம் வைப்பார். நாலு கட்டத்தில் நாலு பேர், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கேட்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அம்மை ஒருநாள் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இவனுகளைப் பெத்த தள்ளைமாரு நாக்குக்கு நேர்ச்சை கொஞ்சம் கூடுதலா போட்டிட்டாளுவோ."

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெள்ளம் குடித்தார். நாக்கு வேண்டிச் சாமிக்கு நேர்ச்சை போட்ட கதை அவருக்குத் தெரியும். உங்களுக்கு இனிமேல்தான் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பிக்கு நாலு நடந்துகொண்டிருந்தது. பல் முளைத்தது, நடந்தான், ஓடினான், கொல்லாமரத்தில் ஏறினான். பேச்சு மட்டும் வரவில்லை. காது நல்லாகக் கேட்கும். புளிப்பு மிட்டாய்த் தாளை அடுக்களையில் பிரித்தால் முற்றத்திலிருந்து ஓடி வருவான். வேண்டியதை விரலால் காட்டுவான். காட்டுவதற்குள் வீட்டுப் பெண்கள் நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக் கையில் கொடுத்துவிடுவோம்.

வைத்தியம் பண்ணாமல் இல்லை. வயம்பை, அதுதான் வசம்பை, சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினார்கள். கோயில் மணியைக் கழுவின வெள்ளத்தைக் குடிப்பித்தார்கள். தக்கலை ஆசுபத்திரியில் டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, வரும்போது வரும்" என்றார். பஸ்ஸுக்குச் சொல்கிற மாதிரி பதில் என்று அப்பாவுக்குக் கோபம்.

அப்பாவுடைய அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மாமா செத்த பிறகு வந்தவள். நல்லவள், ஆனால் நாக்கு நீளம். அம்மைக்கும் அதே நீளம். விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் அடுக்களையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அது சண்டையா சம்பாஷணையா என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் தேங்காய் திருவிக்கொண்டே அத்தை சொல்லிவிட்டாள்.

"பிள்ளைக்கு எப்படிடீ பேச்சு வரும்? வீட்டுக்குன்னு ஆண்டவன் அளந்த பேச்சை நீ ஒருத்தியே பேசித் தீத்தாச்சு. அவனுக்கு மிச்சம் வச்சியா?"

அம்மை கிணற்றங்கரைக்குப் போய் வாளியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மை வாயடைத்து நின்றது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று முதல் யார் என்ன சொன்னாலும் "பிள்ளைக்குப் பேச்சு வரணும்" என்ற ஒரே நினைப்பு.

அந்த நேரத்தில்தான் படம் வந்தது. பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே ஒரு ஓலைக் கொட்டகை உண்டு. அம்மன் படம். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சாமிப் படம் ஓடினால் அந்தக் கொட்டகை கோயில்தான். வாசலில் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் அம்மன் படம், மாலை, கர்ப்பூரம். செருப்பை வெளியே கழற்றிப்போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கொட்டகைக்காரர் வேப்பிலையைக் கதவு நிலையில் செருகியிருந்தார். சுண்டல் விற்கிறவன் அந்த வாரம் அவித்த முட்டை விற்கவில்லை.

அம்மை காலையிலிருந்து பட்டினி கிடந்து, குளித்து, ஈரத் தலையோடு வந்தாள். அத்தை பேசியது பேசினாலும் கூடவே வந்தாள். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அப்பா அய்யா வழிக்காரர். அவர்கள் கும்பிடுகிற இடமான நிழல்தாங்கலுக்குப் போவார். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுவார். தக்கலையில் கயிறும் பாயும் விற்கிற கடையைப் பூட்டிவிட்டு, நாங்கள் திரும்பி வரத் துணை வேண்டுமே என்று வந்தார். வரும்போதே சொன்னார்.

"எனக்க கண்ணாடியில தெரியது எனக்க முகம். அதில உள்ள குத்தம் எனக்குத் தெரியும். நீங்க கும்பிடப்போறது சம்பளம் வாங்கி வேஷம் கெட்டுன ஒரு பொம்பிளைக்க முகத்தையாக்கும்."

"நீங்க சும்மா வாங்கோ" என்றாள் அம்மை.

படத்தில் அசுரன் அட்டகாசம் முற்றி, பக்தை ஒருத்தி கோயில் படியில் தலையை மோதி அழுவாள். மேளம் கேட்கும். அப்போது அம்மன் முகம் திரை முழுவதும் வரும். இரண்டு கண்ணும் உருட்டி விழித்து நேரே நம்மைப் பார்ப்பாள். கொட்டகையில் இரண்டு மூன்று பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அம்மை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அம்மே! எனக்க பிள்ளைக்கு ஒரு நாக்கைத் தா! வெள்ளியில நாக்கு அடிச்சு உனக்கே கொண்டுவந்து தாறேன்! வேற ஆருக்கும் இல்ல, உனக்கே!"

பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான், "அக்கோ, இரியுங்கோ! அம்மனைக் காணல்ல, உங்க கொண்டையைத்தான் காணுது!"

அந்த நேரத்தில்தான் அம்மன் தலையாட்டினாள். அம்மை கண்டாள். அத்தையும் கண்டாள். "ஒரு ஆட்டு, கீழ, மேல, சரின்னு சொல்லியது போல" என்று இரண்டு பேரும் சாகும்வரை மாறாமல் சொல்வார்கள் என்றிருந்தது, அத்தை அப்படியேதான் செத்தாள். அப்பாவும் கண்டார். ஆனால் அவர் சொன்னது வேறே.

"படம் ஓட்டுற மெஷினு குலுங்கிச்சு. எல்லாத்துக்கும்தான் குலுங்கிச்சு. அம்மனுக்குப் பின்னால தெரிஞ்ச தூணும்தான் தலையாட்டிச்சு."

"தூணையா நான் கேட்டேன்?" என்றாள் அம்மை.

நான் காணவில்லை. அம்மை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வழிந்து, திரை வெளிச்சம் அதில் பட்டு, அம்மை முகமும் ஒரு மாதிரி இருந்தது. ஆகவே வீட்டில் வழக்கு வரும்போதெல்லாம் சாட்சி சொல்ல முடியாதவள் நான் ஒருத்திதான்.

பேச்சு வந்தது அடுத்த வாரம். அடுக்களையில் புளிக்கறிக்கு வெள்ளம் கூடிவிட்டதா இல்லையா என்று அம்மையும் அத்தையும் தொடங்கினார்கள். புளியிலிருந்து பிடித்து, கல்யாணத்துக்கு வந்த சீர்வரை போய்விட்டது. அப்பா சாப்பிட உட்கார்ந்து, பாவம், வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவர் பக்கத்தில் மணைப்பலகையில். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில், தெளிவாக, ழகரம் இருந்தால் அதையும் சுத்தமாகச் சொல்லியிருப்பான் என்கிற மாதிரி, ஒரு குரல் வந்தது.

"செத்த நேரம் சும்மா இரியுங்கோ."

அது அப்பா தினமும் சொல்கிற வார்த்தை. அப்பா சொன்னார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்பா வாயில் சோறில்லை, பேச்சும் இல்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். தம்பியைப் பார்த்தோம். அவன் மறுபடியும் சொன்னான்.

அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மை அவனை வாரி எடுத்து, "இன்னொருக்கா சொல்லு மக்களே, இன்னொருக்கா சும்மா இருக்கச் சொல்லு" என்று கெஞ்சினாள். பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் சும்மா இருக்கவில்லை.

இப்போது யோசித்தால் எனக்குத் தோன்றும், அவனுக்குப் பேச்சு எப்போதோ வந்திருக்கும். உள்ளே நுழைய இடம் கிடைக்காமல் வாசலில் நின்றிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வயம்பும் மணிவெள்ளமும் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள், இரண்டு நிமிஷம் வாயை மூடிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அன்றைக்கு, அந்த நேரத்தில், இரண்டு பேரையும் ஒன்றாக மூச்சு வாங்க வைத்தது யார்? அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லவும் படிப்பில்லை.

அம்மை உடனே ஆசாரியிடம் போனாள். அவர் நேர்ச்சைக்கு வெள்ளியில் கண், கை, கால், தொட்டில் எல்லாம் அடித்துக் கொடுப்பவர். நாக்கு அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நாக்கு எப்படி இருக்கும்ணு நான் சரியா பாத்ததில்லையே. உங்க நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்கோ" என்றார்.

அம்மை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு அளவு பார்த்தார். வெள்ளி நாக்கு வந்தபோது நாலு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாத நீளத்தில், மாவிலை மாதிரி இருந்தது. அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அளவு கொஞ்சம் குறைஞ்சிட்டோ?" என்று அம்மையைப் பார்த்தாள்.

ஆனால் நாக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனால் அம்மன் இல்லை. சோடாப் பெட்டி நிமிர்ந்திருந்தது, அதில் சோடா இருந்தது. வாசலில் வாள்சண்டைப் படத்துக்கு நோட்டீஸ். சுண்டல்காரன் மறுபடியும் முட்டை விற்றுக்கொண்டிருந்தான்.

"படப்பெட்டி போயாச்சு அக்கா. இப்ப கடியப்பட்டணம் பக்கம் கொட்டகையில ஓடுது" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் பூசாரி விஷயத்தைக் கேட்டு, "எல்லாம் ஒரே சக்திதான் பிள்ளே. இங்க கொண்டுவந்து கெட்டு. அவ ஏத்துக்கிடுவா" என்றார்.

"ஏத்துக்கிடுவா. நான் இல்லேங்கல்ல" என்றாள் அம்மை. "ஆனா ஒரு வீட்டுக்குப் பொண்ணு தாறேன்னு தாம்பூலம் மாத்தியாச்சு. எல்லாம் மனுசருதானேன்னு அடுத்த வீட்டில பொண்ணை இறக்கி விடலாமா? தலையாட்டினது அந்த முகமாக்கும்."

அதற்குள் எங்கள் வீட்டில் பெரிய இடி விழுந்தது. தம்பிக்கு நீர்க்கோவை பிடித்துத் தொண்டை கட்டியது. முந்தின நாள்வரை கோழியையும் பூனையையும் சும்மா இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு சத்தமும் இல்லாமல் படுத்துவிட்டான். காலையும் போயிற்று, மாலையும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்றுத்தான்.

அம்மை ஒடிந்துபோனாள். "தந்ததைத் திருப்பி எடுத்திட்டா. சொன்ன வாக்கை நான் காப்பாத்தல்லேன்னு எடுத்திட்டா" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். சளி என்று அப்பா சொன்னார். சுக்கு போட்டுக் கொடுத்தார். அம்மை காதில் விழவில்லை. அன்றைக்கு அத்தைதான் எழுந்து அப்பா முன்னால் போய் நின்றாள்.

"ஏலே, நான் சொன்ன ஒரு வார்த்தையாக்கும் இவளை இப்படிப் போட்டு அறுக்குது. அது மெஷினோ அம்மனோ, எனக்குத் தெரியாது. கடியப்பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அப்பா கடையைப் பூட்டினார்.

பஸ்ஸில் போனோம். தம்பி அம்மை மடியில், கழுத்தில் துணி சுற்றி. வெள்ளி நாக்கு மஞ்சள் துணியில் முடிந்து அம்மை இடுப்பில். கடல் வாடை வந்ததும் அத்தை மூக்கைப் பொத்தினாள், பிறகு பேசவேண்டி இருந்ததால் எடுத்துவிட்டாள்.

அந்தக் கொட்டகை கடற்கரை மணலிலேயே இருந்தது. ஊர் முழுக்க வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள். அம்மன் படத்துக்கு அங்கே யார் வருவார்கள் என்று அப்பா கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால் நிற்க இடமில்லை. மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் கடவக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அசுரன் வந்தால் எங்கள் ஊரைவிடக் கூடுதலாக ஏசினார்கள். ஒருத்தி அம்மன் சூலத்தை எடுக்கும்போது தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவள் பக்கத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அம்மை நடுங்குவதைப் பார்த்து, "என்ன அக்கா, சுகமில்லியா?" என்று கேட்டாள். அம்மை எல்லாவற்றையும் கொட்டினாள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு நாலு தடவை சொல்லியும் விளங்காதது அவளுக்கு ஒரு தடவையில் விளங்கிவிட்டது.

"அதுக்கென்ன? நாங்களும் மாதாவுக்கு வெள்ளியில கண்ணு, காலு எல்லாம் வைப்போம்லா. எந்த மாதாகிட்ட கேட்டமோ அந்த மாதாகிட்டத்தான் வைக்கணும். மாத்தி வச்சா செல்லாது" என்றாள். உடனே எழுந்து நின்று, அலை சத்தத்துக்குமேல் கேட்கிற குரலில் கத்தினாள், "ஏலே, வழி விடுங்கலே! இந்த அக்காளுக்கு நேர்ச்சை உண்டு! மக்கா, காலை மடக்கு!"

மேளம் தொடங்கியது. அம்மன் முகம் வந்தது. அம்மை தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். அப்போது நான் கண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. படம் அம்மைமேல் விழுந்தது. அம்மன் மூக்குத்தி அம்மை முதுகில், அம்மன் கண் தம்பி கன்னத்தில். அம்மைக்கு அது தெரியாது. வெறும் துணியைத் தடவி, நாக்கை எங்கே வைப்பது என்று தேடினாள். பீடமா உண்டு? கடைசியில் தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி, வெள்ளி நாக்கைத் திரையில் குத்தினாள்.

படம் ஓட்டுகிறவர் மேலே இருந்து அலறினார். "அம்மா! திரையில ஓட்டை போடாதேயுங்கோ! முதலாளி எனக்க தோலை உரிப்பாரு!"

"ஓரத்திலதான் குத்தியிருக்கேன்!" என்றாள் அம்மை.

"அதான் குத்தியாச்சுல்லா, மெஷினை நிறுத்தாதேலே!" என்று மீன்காரப் பெண்கள் அவர்மேல் பாய்ந்தார்கள்.

நான் திரும்பி அப்பாவைத் தேடினேன். அவர் எங்கள் எல்லார் செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தோளில் கிடந்த துண்டு தலையில் கட்டியிருந்தது. நிழல்தாங்கலில் நிற்கும்போது கட்டுகிற அதே கட்டு. பிறகு அத்தை அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணியபோது, "கடக்காத்து. தலைக்கு ஆகாது" என்றார். அன்றைக்கு ஓலைகூட அசையவில்லை.

ஆட்டம் முடிந்ததும் படம் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். அம்மை கும்பிட்டு நின்றதைப் பார்த்து அவருக்குக் கோபம் போய்விட்டது. நாக்கை ஊக்கோடு கழற்றி, படச்சுருள் வைக்கிற தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தார். "இந்த அம்மன் எந்த ஊருக்குப் போனாலும் இது கூடவே போகும். போதுமா?" என்று கேட்டார். அந்தப் பெட்டி பிறகு எத்தனை ஊர் சுற்றியதோ, எங்கே துருப்பிடித்துப் போயிற்றோ, தெரியாது. தம்பி பஸ் ஏறும்போது இருமினான். இருமி முடித்து, கண்டக்டரைப் பார்த்து, "சும்மா இரியும்" என்றான்.

அன்றைக்குத் திறந்த வாயைத் தம்பி இன்றுவரை மூடவில்லை. இப்போது அவனுக்கு மைக் பிடிக்கிறதுதான் தொழில். கோயில் கொடையா, கல்யாணமா, குழந்தையைக் காணவில்லையா, மின்சாரம் வராதா, எல்லாவற்றுக்கும் அவன் குரல்தான். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவான்.

இந்த ஆடியில் டிவியில் அந்தப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவனும் அவன் பெண்டாட்டி மயினியும் வந்துவிட்டார்கள். மதியம், சாப்பாடு முடிந்த நேரம். அம்மை குளித்து, புதுத் திருநீறு பூசி, கட்டிலை விட்டு இறங்கித் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தாள். என்னைச் செருப்பை வெளியே போட்டுவரச் சொன்னாள்.

படம் தொடங்கியதும் எனக்கு ஒரு அதிர்ச்சி. அது கறுப்பு வெள்ளைப் படம். அம்மனுக்குச் சிவப்புப் பட்டு என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். கனவில்கூடச் சிவப்பாகத்தான் வந்தது. "அம்மே, சேலை சிவப்பில்லியா?" என்று கேட்டேன். "சிவப்புதானே" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மற்றதெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். அசுரனைப் பார்த்து நான் அன்றைக்குப் பாவாடையை நனைத்தேன். இப்போது பார்த்தால் மீசையில் ஒரு பக்கம் பிசின் விட்டுத் தொங்குகிறது. அவர் சாய்ந்தால் அட்டை மலை ஆடுகிறது. புலி பஞ்சடைத்த புலி, சக்கரம் வைத்து இழுத்திருக்கிறார்கள். தம்பி ஒவ்வொன்றுக்கும் வர்ணனை. "இதோ அசுரன் வருகிறார், பொதுமக்கள் பொருட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்" என்றான். மயினி தலையணையால் அடித்தாள். எல்லாம் சரிதான், ஆனால் மேளம் கேட்டதும் என் கை தானாகக் கூடிவிட்டது. அசுரன் மீசை ஒட்டியிருந்தால் என்ன, தொங்கினால் என்ன, அம்மனைக் கூப்பிடுகிற குரல் பொய்க் குரல் இல்லை.

பக்தை படியில் தலையை மோதத் தொடங்கினாள். இது பழைய தேய்ந்த சுருள் கிடையாது. துடைத்துக் கழுவிப் புதிதாக்கிப் போடுகிறார்கள். அதில் அம்மன் தலையாட்டாவிட்டால்? இந்த வயதில், இத்தனை வருஷம் அம்மை நெஞ்சில் வைத்துக் காத்ததை, மகன் வாங்கித் தந்த டிவியே பொய் என்று காட்டிவிட்டால்? "அம்மே, சாயா போடட்டா? வாறீங்களா அடுக்களைக்கு?" என்றேன்.

"ஏட்டி, இப்பத்தானா சாயா? இரி."

அம்மன் வருகிற இடத்தில் கக்கூஸ் கழுவுகிற மருந்துக்கு விளம்பரம் போட்டார்கள். அம்மை கையைக் கூப்பியபடியே அதையும் பார்த்தாள். நான் அப்பா கும்பிட்ட அய்யாவையும் அம்மனையும் மாறி மாறி வேண்டினேன்.

முகம் வந்தது. கதவு அகலத்துக்கு. இந்தத் தடவை நான் அம்மையைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தேன். கண்ணை உருட்டி விழித்தாள். மூக்குத்தி மின்னியது. ஒரு மயிரளவும் அசையவில்லை. பின்னாலிருந்த தூணும் நின்றபடி நின்றது. அப்படியே மறைந்து அடுத்த காட்சி வந்துவிட்டது.

பிறகு மெதுவாக, மைக் இல்லாத குரலில், தம்பிதான் சொன்னான். "அம்மே, அந்தக் காலத்தில சுருள் அறுந்தா வெட்டி ஒட்டுவாங்கோ. ஒட்டு வாற இடத்தில படம் ஒண்ணு குதிக்கும். அதாயிருக்கும்."

அம்மை கூப்பின கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாயிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"இன்னைக்கு நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கல்லியே மக்கா" என்றாள். "கேக்காதவளுக்கு எதுக்குத் தலையாட்டணும்?"

அம்மை சாயா கேட்டாள். நான் போய்ப் போட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், போனில் அனுப்பத் தெரிந்தவர்கள் அனுப்புங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். ஏற்கெனவே குளச்சல் பக்கத்தில் ஒருத்தி, திரையிலிருந்து பாம்பு இறங்கி வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். பாம்பு வரவில்லை. வெளிச்சம் வந்தது, அது மெஷின் வெளிச்சம். எங்கள் அப்பா சொன்னதை விட்டுவிடாதீர்கள், அவர் சொன்னதற்கும் இதில் இடம் உண்டு. அம்மை சொன்னதை நீட்டாதீர்கள். அம்மன் தலையாட்டினது ஒரு தடவை. அதை யாரும் இரண்டாக்க வேண்டாம்.